ஏழாவது சிலையும் சேட்டின் போர்டும்

ஃபினிஷிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களே, நான் உங்களுக்கு ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சிமெண்டில் மணல் எவ்வளவு, கம்பி வலையை எப்படி மடக்குவது, எத்தனை நாள் ஈரச் சாக்கு போட்டு மூடுவது, இதெல்லாம் இரண்டே மாதத்தில் உங்கள் கைக்குத் தானாக வந்துவிடும். வேலையில் தப்புச் செய்தபிறகு எப்படி நிற்பது, வேலை கொடுக்கிறவர் எதிரில் நின்று ஒன்றைத் தப்பாகச் சொல்லும்போது எப்படி நிற்பது, இது கைக்கு வராது. அதனால் சொல்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் தாராவி தொண்ணூறடி ரோட்டில் இருக்கும் நம் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். கடைசிப் பதினோரு வருஷம் ஃபினிஷிங் முழுக்க என் பொறுப்பு. இந்த ஊரில் எத்தனையோ தோட்டங்களில் நிற்கிற சிமெண்டு யானையும் குதிரையும் என் கை தடவி அனுப்பியவை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது. நீங்களும் கூச்சப்படாதீர்கள்.

நான் வேலையை விடுவதற்கு முந்தைய வருஷம், மழைக்குக் கொஞ்சம் முன்னால், செம்பூரிலிருந்து ஒரு சேட் வந்தார். அவருக்குப் பெரிய கல்யாண மண்டபம். பின்னால் தோட்டம், தோட்டத்தில் ஒரு குளம். குளத்தங்கரையில் ஏழு கல்முகங்கள் வேண்டும் என்று போனில் படம் காட்டினார். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு பொட்டுத் தீவு. அதில் நீட்டு மூக்கும் இறுக்கிய வாயுமாக வரிசையாகக் கல் ஆட்கள். தலை மட்டும் உடம்பில் பாதி. அந்தக் காலத்து மனிதர்கள் மலையில் செதுக்கி எடுத்து வந்து நிறுத்தியது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"செய்யலாமாக்கா?" என்று கேட்டார் பாய். சுலைமான் பாய், நம் பட்டறை முதலாளி. எங்கள் ஊர்ப் பக்கம்தான் அவருக்கும்.

"மூக்கு நீளமா இருந்தா என்ன, குட்டையா இருந்தா என்ன பாய்? சிமெண்டு சிமெண்டுதான்" என்றேன்.

சேட் ஒரு சரித்திர வாத்தியாரையும் ஏற்பாடு செய்திருந்தார். மாட்டுங்காவில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம், காலேஜில் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சிலை சரியாக வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பக்கத்தில் வைக்கப்போகும் போர்டுக்கு விவரம் எழுதிக் கொடுப்பதும் அவர்தான். எல்லாரும் அவரைச் சார் என்போம். மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து சிமெண்டு மூட்டையின் மேல் யோசிக்காமல் உட்கார்ந்தார். அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "சார், இத எதுக்குத்தான் செஞ்சாங்க?"

"அதுதான் யாருக்கும் சரியாத் தெரியலை" என்றார். "நாலு விதமாச் சொல்றா. செத்துப்போன பெரியவாளோட முகம்னு ஒரு கட்சி. கடலுக்கு முதுகைக் காட்டிண்டு ஊரைப் பார்த்து நிக்கறதே, அதனால ஊரைக் காக்கத்தான்கறா."

"எங்க வீட்டுலயும் எங்க அய்யா படம் உள்ள பாத்துத்தான் தொங்குது" என்றான் ஜெயராஜ். ஆண்டாப் ஹில்லிலிருந்து வருகிற வெல்டர். "ஆனா அவரு காத்தது ஒண்ணையும் காணும். குடிச்சதுதான் மிச்சம்."

"இன்னொரு கட்சி என்ன சொல்றதுன்னா, அந்தத் தீவுல ஆறு கிடையாது. கடற்கரையில சில இடத்துல மட்டும் நல்ல தண்ணி ஊறும். அந்த இடத்துக்குப் பக்கத்துலதான் சிலை நிக்கறதாம்."

கலவை போடுகிற பாத்திமா சோற்றுக் கையைத் தட்டில் தட்டினாள். "இதான் சார், இதுதான்! வேற எதுவும் கிடையாது. எங்க சந்துல குழா எங்கேருக்குன்னு தெரிஞ்சுக்க எட்டடிச் சிலை வேண்டாம், காலைல அஞ்சு மணிக்குச் சண்டை சத்தம் கேட்டாப் போதும். அங்க சத்தம் போட ஆள் கம்மி போல."

"மூணாவது, கல் வெட்டற இடத்து மண்ணு நல்லா விளையுமாம். விளைச்சலுக்கு வேண்டிண்டு செஞ்சதுன்னு சொல்றா. நாலாவது, கூட்டத்துக்குக் கூட்டம் போட்டி. நீ பெரிசா, நான் பெரிசா."

காட்கோபர் கணேசன் அதுவரை பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பலகை அடிக்கிறவன், அவன் ஏரியாவில் சதுர்த்திக்குப் பிள்ளையார் வைக்கிற மண்டலில் சிலை தூக்குகிற முதல் ஆள். "சார், இதுக்கா இவ்வளவு படிச்சீங்க? எங்க மண்டல் பத்தடி வச்சா அடுத்த தெருக்காரன் பன்னெண்டடி வப்பான். போன வருசம் அவனுக கிரீடத்துல மட்டும் ரெண்டடி ஏத்துனானுக. ஏமாத்துக்காரனுக. அந்தத் தீவுலயும் ரெண்டு மண்டல் இருந்திருக்கும், அவ்வளவுதான்."

சார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இதையெல்லாம் போர்டுல போட்டுடலாம்" என்றார்.

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

சார் கொடுத்த படத்தை வைத்துக் கூடு கட்டினோம். முதல் சிலையை அச்சிலிருந்து எடுத்து நிமிர்த்திப் பார்த்தால் முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது, குனிந்து எதையோ தேடுகிறவன் மாதிரி. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். மூக்குக்கும் கயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை. நம் தொழிலில் தூக்குக்குண்டு சொன்னால் சொன்னதுதான். அச்சு கோணிவிட்டது என்று கணேசனைப் பிடித்து ஏசினேன்.

"படத்துலயே சாஞ்சுதான்க்கா இருக்கு" என்றான்.

"படம் புடிச்சவன் கை சாஞ்சிருக்கும். எனக்குச் சொல்லித்தராத" என்றேன்.

முன்பக்க அடியில் கலவை வைத்து, மட்டம் பிடித்து, நேராக நிமிர்த்தினேன். ஒன்று இல்லை, ஆறு சிலைக்கும். ஆறும் பட்டாளத்துக்காரன் மாதிரி விறைத்து நின்றன. அடுத்த தடவை சார் வந்தபோது அடியைக் குனிந்து பார்த்தார். "ம்... நன்னாத்தான் இருக்கு" என்று இழுத்தார். அந்த இழுப்பு என் காதில் விழுந்தது. ஆனாலும் ஏன் சார் இழுக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. இருபத்தேழு வருஷக் கைக்கு அந்த நேரம் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

ஏழாவது சிலை அச்சைப் பிரிக்கும்போது கழுத்தில் விண்டுவிட்டது. மறுபடி போட்டோம். அது காய இன்னும் ஒரு நாள் இருக்கும்போதே வண்டி வந்து நின்றது. ஆறை அனுப்பினோம். ஏழாவதை மறுநாள் சாய்ந்த நிலையில் அப்படியே கொண்டுபோய், நிறுத்துகிற இடத்திலேயே மட்டம் பிடித்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

முதல் நாள் வேலை சுத்தமாக முடிந்தது. தரையோடு தரையாக மேடை கட்டி வைத்திருந்தார்கள். க்ரேன் தோட்டத்துக்குள் வந்து ஆறு சிலையையும் குளத்துக்கு முதுகு காட்டி வரிசையாக இறக்கியது. நான் ஈரத்துணியால் முகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போர்டு வந்தது. தங்க நிறத்தில் எழுத்து. இங்கிலீஷும் இந்தியும். அந்த மண்டபத்தில் தமிழ்க் கல்யாணங்கள் நிறைய நடக்கும், அதனால் கீழே தமிழிலும் இரண்டு வரி.

அதைப் பார்த்ததும் சாரின் முகம் மாறியது. அவர் எழுதிக் கொடுத்த நாலு காரணத்தில் ஒன்றுகூட அதில் இல்லை. நான் எழுத்துக் கூட்டினேன். பாதியில் நம்பிக்கை இல்லாமல், "சார், நீங்க படிங்க" என்றேன்.

"மனிதக் கைகளால் ஆகாத அதிசயம். வானத்திலிருந்து வந்தவர்கள் விட்டுச் சென்ற முகங்கள்" என்று படித்தார்.

"இன்னொரு வாட்டி."

இன்னொரு தடவையும் அதையேதான் படித்தார்.

சேட் பக்கத்தில் நின்று போர்டு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் எல்லாருக்கும் வடா பாவும் டீயும் தருவித்தவர். நான் நேராகப் போய்க் கேட்டேன். அவரும் நானும் பேசியது இந்தியில். உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

"சேட், இது பொய்."

"பொய் இல்லம்மா, மிஸ்ட்ரி. யோசிச்சுப் பாருங்க. எங்கேயோ தீவுல கிடந்த ஆளுங்க. இரும்பு கிடையாது, சக்கரம் கிடையாது. இவ்வளவு பெரிய கல்லை எப்படிச் செதுக்குவான்? எப்படி நகர்த்துவான்?"

"இந்த ஏழு சிலையையும் செஞ்சது யாரு?"

"நீங்க. ஆனா உங்களுக்கு க்ரேன் இருக்கே" என்று சொல்லிவிட்டு, நல்ல பதில் சொல்லிவிட்ட திருப்தியில் சிரித்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏன் என்று சொல்கிறேன். நான் செய்த யானைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட எத்தனையோ பேர், "எந்த மெஷின்ல போட்டது?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். தாராவி என்று சொன்னால் இன்னும் கேட்பார்கள், "டிசைன் யாரு, வெளிநாடா?" நன்றாக இருந்தால் நாம் செய்தது இல்லை. கோணலாக இருந்தால் மட்டும் நாம் செய்தது. எங்கேயோ கடலுக்கு நடுவில் என்னைப் போல வெயிலில் கறுத்த ஒருத்தி, ஒருவன், கல்லோடு கல்லாகக் கிடந்து செய்ததையும் பிடுங்கி ஆகாயத்துக்குக் கொடுக்கப் பார்க்கிறார்களே என்று இருந்தது.

"இந்த போர்டு இருந்தா நான் நாளைக்கு வர மாட்டேன்" என்றேன்.

பாய் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "அக்கா, ஒங்களுக்குக் கோவம் வருது, எனக்கும்தான் வருது. ஆனா சேட்டுக்கு இன்னும் ரெண்டு தோட்டம் இருக்கு. ரெண்டும் நமக்குத்தான்னு வாய் வார்த்தை சொல்லியிருக்காரு. மழை மாசம் பூராவும் பன்னெண்டு பேருக்கு வேலை. ஒரு பலகைக்காகக் கெடுத்துராதிய."

பாத்திமா பின்னாலேயே வந்தாள். "அந்த பலகை சோறு போடுமாக்கா? போடாதுல்லா? அப்போ அதுல என்ன எழுதியிருந்தா நமக்கென்ன?"

அவளுக்கு மூன்று பிள்ளைகள். மறுநாள் வந்தேன். கோபத்தோடுதான் வந்தேன், ஆனால் வந்தேன்.

அன்றைக்கு விடியும் முன்னாலேயே மழை கொட்டித் தீர்த்திருந்தது. ஏழாவது சிலையை வாசல் பக்கம் சிமெண்டு நடைபாதையில் இறக்கிவிட்டு, க்ரேன்காரர் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தார். மண் சேறாகிக் கிடந்தது. "வண்டிக் கால் இறங்கிடும். ரெண்டு நாள் காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் திறப்பு விழா. பந்தல்காரர்கள் வந்தாயிற்று. மேடைக்கு இன்னும் அறுபது அடி இருக்கிறது. நடைபாதையில் க்ரேன் நுழையாது, ஆள்தான் நுழையலாம். சிலையோ ஒரு டன்னுக்கு மேலே.

சேட் பாயைப் பிடித்துக்கொண்டார். "ஆறு நிக்குது, ஒண்ணு வாசல்ல நிக்குது. பாக்கிறவன் சிரிக்க மாட்டானா? ஏதாவது செய்யுங்க!"

நான் சிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே விழாமல் இருக்க முன்பக்க அடியில் ஒரு கட்டை கொடுத்திருந்தார்கள். தாராவியில் பத்துக்குப் பத்து வீட்டில் இருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரியும். மழையில் ஓடு ஒழுகினால் இரும்பு பீரோவை இடம் மாற்ற வேண்டும். தூக்க இடமும் கிடையாது, ஆளும் கிடையாது. ஒரு மூலையில் நிறுத்தி, மறு மூலையைத் திருப்பி, பிறகு இந்த மூலை, பிறகு அந்த மூலை என்று நடத்திக்கொண்டு போவோம். துணிமணி நிறைந்த பீரோவை எட்டு மாதக் கர்ப்பத்தில் நான் ஒருத்தியாக நடத்தியிருக்கிறேன்.

"பாய், பீரோவ நகத்துத மாதிரி நகத்திருவோம்" என்றேன்.

பாய் என்னையும் சிலையையும் மாறி மாறிப் பார்த்தார். "யா அல்லா" என்றார்.

பந்தல்காரர்களிடம் கயிறு வாங்கினோம். நெற்றிக்குக் கீழே சாக்கு சுற்றி, இடப்பக்கம் ஒரு கயிறு, வலப்பக்கம் ஒரு கயிறு, முன்னால் குப்புற விழாமல் பிடிக்கப் பின்னால் ஒரு கயிறு. கணேசன் பிள்ளையார் தூக்குகிறவன், கயிற்றில் ஆளை எப்படிப் பிரித்து நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியும். பெண்கள் நாலு பேரையும் சேர்த்து எங்கள் பன்னிரண்டு பேரும் நின்றோம். பாயும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்கயிற்றுக்கு வந்தார்.

அப்போதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? முன்னால் இருந்த கட்டையை இன்னும் உள்ளே தட்டிச் செருகி, தூக்குக்குண்டு விட்டு, சிலையை முதலில் நேராக நிமிர்த்தினேன். பழக்கம். அப்புறம், "இழு!" என்றேன். சிலை வலது பக்கம் சாய்ந்தது, தொம்மென்று அதே இடத்தில் உட்கார்ந்தது. "இழு!" இடது பக்கம் சாய்ந்தது, மறுபடி அதே இடம். பத்துத் தடவை இழுத்தோம். ஒரு விரற்கடை நகரவில்லை. அடியில் ஒரு மூலை சில்லுப் பெயர்ந்தது.

"பீரோ சேலையோட இருந்தாத்தான் நடக்கும் போல" என்றான் ஜெயராஜ். ஒருவரும் சிரிக்கவில்லை.

பெயர்ந்த மூலையைப் பார்க்கக் குனிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பீரோவை நடத்தும்போது நேராக வைத்தா நடத்துகிறோம்? போகிற பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதானே திருப்புகிறோம்? இந்தச் சிலை தானாகவே போகிற பக்கம் சாய்ந்திருக்கிறது. அதைத் தப்பு என்று நினைத்து நான்தான் நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன்.

"கட்டைய உருவு" என்றேன்.

"விழுந்துரும்க்கா!"

"பாய் புடிச்சிருக்காரு. உருவுலே!"

கட்டையை உருவியதும் சிலை குனிந்தது. பின்கயிறு விறைத்தது. "வலது!" என்றேன். வலப்பக்கக் கயிறு இழுத்ததும் சிலை ஒரு பக்கமாக ஏறி, திரும்பி, இடது தோளை முன்னால் வைத்தது. "இடது!" வலது தோள் முன்னால் வந்தது. அது எடுத்து வைத்தது அடி. வேறு வார்த்தை கிடையாது. எட்டடி ஆள் ஒருவன் தோளை ஆட்டிக்கொண்டு நடந்து வருகிற மாதிரியே இருந்தது. பாத்திமா, "ஏ யம்மா, வாரான்க்கா!" என்று கத்தினாள். பந்தல்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

முப்பது அடி தாண்டியிருக்கும். நடைபாதையில் ஒரு இடத்தில் பாசி. அடிப்பாகம் வழுக்கியது. தலை முன்னால் வந்தது. பக்கக் கயிற்றில் இருந்தவர்கள் காப்பாற்ற வேண்டும் என்று முன்னால் ஓடினார்கள். கணேசன் கையைக் கொடுத்துத் தாங்கவே போய்விட்டான்.

"விட்டுருங்க! எல்லாரும் தள்ளிப் போங்க! விழுந்தா விழட்டும்!" என்று கத்தினேன். என் குரல் அப்படி எழும்பியது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கணேசன் கையை எடுத்தான். பாயும் அவரோடு இருந்த நாலு பேரும் பின்கயிற்றோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிலை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மெதுவாகப் பின்னால் வந்து நின்றது.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்டு உடைந்தால் மறுபடி போடலாம். கணேசன் கையை எந்த அச்சில் போடுவது? அந்த நொடியில் சேட், திறப்பு விழா, பட்டறைப் பேர், எதுவும் என் மனதில் இல்லை. இருக்கவும் கூடாது. உங்களில் யார் கயிற்றுக்குக் குரல் கொடுக்கப் போகிறீர்களோ, முதலில் எதை விடச் சொல்வீர்கள் என்பதை வேலை தொடங்கும் முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முன்பக்க அடியில் மறுபடி கட்டையைக் கொடுத்துவிட்டு எல்லாரையும் உட்காரவைத்து டீ குடிக்கச் சொன்னேன். நடைபாதை முழுக்கச் சாக்கு விரித்தோம். அந்த நேரத்தில் சார் ஓடி வந்தார். அதுவரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அம்மா, அந்தத் தீவுக்காரா என்ன சொல்றா தெரியுமோ? சிலையெல்லாம் தானா நடந்து வந்ததுன்னு பரம்பரையாச் சொல்றா. கேக்கறவா சிரிப்பா. வழியில விட்டுட்டுப் போன சிலைகள்தான் இப்படி முன்னால சாஞ்சிருக்கும். மேடைக்கு வந்து சேர்ந்தது நேரா நிக்கும். வந்தப்புறம் அடியைச் செதுக்கி நிமிர்த்தியிருக்கான்னு சிலர் சொல்றா. நான் உங்களுக்குக் குடுத்தது வழியில நிக்கற சிலையோட படம்."

"நான் ஆறையும் நிமித்துனத அன்னைக்கே பாத்தியளே சார். ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"பார்த்தேன். நீங்க ரொம்பத் தீர்மானமா நின்னேள். நான் புஸ்தகத்துல படிச்சவன்தானே, கையால செஞ்சவா கிட்ட என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

அவர் தப்பு, சொல்லாதது. என் தப்பு, கேட்காதது. அந்தத் தீவுக்காரர்கள் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன், ஆனால் நடத்தி முடித்தபிறகு நிமிர்த்த வேண்டியதை முதலிலேயே நிமிர்த்திவிட்டேன். உங்கள் கண்ணுக்குக் கோணலாக ஒன்று தெரிந்தால், தூக்குக்குண்டை எடுக்கும் முன்னால், இது ஏன் இப்படி இருக்கிறது என்று ஒருவரையாவது கேளுங்கள். கேட்பதால் கை சிறுத்துப்போகாது.

மிச்ச முப்பது அடியையும் சிலை நடந்தது. மேடை ஓரத்தில் கட்டை கொடுத்து நிறுத்திக் கயிற்றைக் கீழே போட்டபோது சேட் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பிரமாதம்! அம்மா, நாளைக்கு விழாவுல இதை மறுபடி செய்யணும். பப்ளிக் பைத்தியமாயிடும்!"

"செய்யலாம் சேட். போர்டை எடுத்துருவீங்கள்ல?"

"போர்டா?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "போர்டு எதுக்கு எடுக்கணும்? அது இருக்கட்டும். ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

கண் முன்னால் பன்னிரண்டு பேரும் ஒரு முதலாளியும் அறுபது அடி நடத்திக் கொண்டுவந்ததைப் படம் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டு, மனிதக் கையால் ஆகாது என்கிற போர்டும் இருக்கட்டும் என்கிறார். அவரிடம் இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. நான் நம் ஆட்கள் பக்கம் திரும்பினேன்.

"கயித்த எடுங்க. முகத்த வாசப் பக்கம் திருப்புங்க. வந்த வழியே போகட்டும்."

யாரும் அசையவில்லை. கேட்டது பெரிய காரியம் என்று எனக்கும் தெரியும். இரண்டு தோட்டத்து வேலை, மழை மாதம், பிள்ளைகள்.

முதலில் குனிந்து கயிற்றை எடுத்தது பாத்திமா. "என்ன பாக்கிய? இம்புட்டுத் தூரம் நடத்திட்டு வந்துட்டு, நாம செய்யலன்னு எழுதுவாரா? எட்டு மொழம் தோல் உரிஞ்சிருக்கு கையில" என்றாள். ஜெயராஜ் வலப்பக்கம் போனான். கணேசன் இடப்பக்கம். பின்கயிறு மட்டும் தரையில் கிடந்தது. பின்கயிறு இல்லாமல் அசைக்க முடியாது. எல்லாரும் பாயைப் பார்த்தார்கள்.

பாய் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இன்னும் ஏற்றிவிட்டார். பிறகு வந்து கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். "கட்டைய உருவிட்டு நீங்க குரல் குடுங்கக்கா" என்றார்.

"வலது!" என்றேன்.

சிலை திரும்பியது. "இடது!" இன்னும் திரும்பியது. மூன்றாவது குரலில் சேட்டுக்கு முதுகைக் காட்டிவிட்டு வாசல் பக்கம் ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி.

"அரே ருக்கோ! ருக்கோ!" சேட் குறுக்கே ஓடி வந்து சிலைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்தார், அது அவரைக் கேட்டு நிற்கும் என்கிற மாதிரி. "என்னதான் வேணும் உங்களுக்கு? என்ன எழுதணும்?"

"மனுசங்க செஞ்சதுன்னு எழுதுங்க. அது முதல் வரி."

"எதுக்குச் செஞ்சாங்கன்னு?"

"அது எனக்குத் தெரியாது சேட். உங்களுக்கும் தெரியாது, சாருக்கும் தெரியாது. சார் நாலு காரணம் எழுதியிருக்காரு. நாலையும் போட்டு, சரியாத் தெரியாதுன்னு போடுங்க. தெரியாதத ஆகாசத்துக்காரன் தலையில கட்டாதீங்க."

சேட் நின்ற நிலையிலேயே போர்டு செய்கிறவனுக்குப் போன் போட்டார். சார் வாசகத்தைச் சொல்லச் சொல்ல, அவர் அப்படியே சொன்னார். அதற்குப் பிறகுதான் சிலையைத் திருப்பி மேடையில் ஏற்றி, அடியில் கலவை வைத்து நிமிர்த்தினேன்.

அந்த இரண்டு தோட்டமும் நமக்கு வரவில்லை. சேட் வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார். அந்த மழைக்காலம் சிரமமாகத்தான் போயிற்று. ஜெயராஜ் இரண்டு மாதம் வேறு இடத்தில் இரும்பு கேட்டுகளுக்கு வெல்டிங் போட்டான். பாத்திமா வீட்டில் உட்கார்ந்து கூலிக்கு அட்டையில் பொட்டு ஒட்டினாள். என் முகத்துக்கு நேராகவே நாலு பேர் ஏசினார்கள். ஏசட்டும், அவர்களுக்கு உரிமை உண்டு. மறுபடி அதே இடத்தில் நிறுத்தினாலும் நான் அதே குரலைத்தான் கொடுப்பேன்.

பிறகு ஒரு முகூர்த்த நாளில், சொந்தக்காரப் பெண் கல்யாணத்துக்கு அந்த மண்டபத்துக்குப் போனேன். சாப்பாட்டுக்குப் பந்தி காலியாகவில்லை என்று தோட்டத்துக்கு வந்தேன். போர்டுக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டினேன். ம-னி-த-ர்-க-ள் செய்தவை. எதற்கு என்று உறுதியாகத் தெரியாது. பக்கத்தில் திலக் நகர்ப் பக்கத்து ஆள் ஒருவர் பெண்சாதியோடு நின்றிருந்தார். அவரும் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மனுஷங்க செஞ்சதுன்னு போட்டிருக்கான் பாரு. பின்ன யாரு செய்வா? இதுக்கு ஒரு போர்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"போட வேண்டியிருந்துச்சு தம்பி" என்றேன்.